அக்காவுக்கு ஒரு கோப்பை

“பதினாறு வயசாம்! யார் காதுல பூ சுத்துறாங்க?” என்று பொரிந்தார், கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. “மோவாயைப் பாரு, மழிச்ச இடம் பச்சையாத் தெரியுது. போன வருஷமும் இவனுக்குப் பதினாறுதான். தூ!”

சிறுவர் ஹாக்கி இறுதிப்போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெயித்த அணியின் கேப்டனைத்தான் திட்டினார். பெனால்டி கார்னரில் கேப்டன் விளாசிய பந்தைத் தடுக்கப் பாய்ந்த அந்த அம்மாவின் மகன், முழங்காலில் ஐஸ் வைத்தபடி கீழே அழுதுகொண்டிருந்தான்.

மடியில் என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மேடையில் மைக் கேப்டனின் கைக்கு வந்தது.

“இந்தக் கோப்பை எங்க அக்காவுக்கு! அதோ, அங்க உக்காந்திருக்காங்க.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

“உன் தம்பியாம்மா? நீயும் பிள்ளை பெத்தவ, பொய் சொல்ல மாட்டே. அவனுக்கு நெஜமாவே பதினாறா?”

வீட்டில் பாடம் பண்ணிவைத்த பதில்தான்.

“ஆமாங்க.”

“ஐயோ, அநியாயமா வாயை விட்டுட்டேனே! மனசுல வச்சுக்காதம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

கைதட்டல் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. மேடையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தியது.

“அப்பா!”

சட்டென்று மற்றக் கையால் அதன் வாயைப் பொத்தினேன்.

“ச்சீ!” என்று என் கையை உதறிய அந்த அம்மா, தன் உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டார்.