ஒற்றை டிக்

பஸ் மலையேறத் தொடங்கியதும் அமலி மறுபடி ஃபோனைப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கு மகன் இவானுக்கு அனுப்பிய குட்மார்னிங்குக்குப் பக்கத்தில் இன்னும் ஒற்றை டிக்தான்.

"ஃபோனை ஆஃப் பண்ணி வெச்சிருக்கானா?" என்றாள்.

பக்கத்து சீட்டில் ஜெபதாஸ் கோட்டுப் பையைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்தார். "டெக்சாஸ்ல இப்ப நடுராத்திரி அமலி. மனுஷன் தூங்க வேணாமா?"

என்றைக்குத்தான் அவன் மணி பார்த்துப் பதில் போட்டிருக்கிறான்? ஒரு வருஷமாக எந்நேரம் அனுப்பினாலும் கால் மணி நேரத்தில் பதில் வந்துவிடும். இன்றைக்குத்தான் இப்படி.

இந்த டான்யூப் ஆற்றுப் பயணமே இவானின் யோசனை. முப்பதாவது கல்யாண நாளுக்கு அப்பாவும் அம்மாவும் கப்பலில் போக வேண்டும் என்று, டெக்சாஸில் ரிச்சர்ட்சன் ஊரில் இருக்கும் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் படத்தை வெட்டி ஒட்டியவன் அவன்தான்.

படத்தில் ஆறு நிறையத் தண்ணீர் இருந்தது. நேரில் முழங்கால் அளவுகூட இருக்கிறதா என்று சந்தேகம். மூன்றாம் நாளே கப்பல் ஒரு சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில் நின்றுவிட, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஆற்றில் போக வந்தவர்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதலில் போன மடாலயத்தில் பேர்பெற்ற நூலகம் மராமத்துக்காகப் பூட்டியிருந்தது. அடுத்துப் போன கோட்டையை மூடுபனி மொத்தமாக விழுங்கியிருந்தது. "இங்கேதான் கோட்டை இருக்கிறது" என்று கைடு வெள்ளைப் பனியைக் காட்டினாள்.

காபியில் சூடு குறைந்தால்கூட மேனேஜரைக் கூப்பிடுகிறவர் ஜெபதாஸ். இன்றைக்குக் கோட்டுப் பையைத் தடவியபடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

ஜெர்சி சிட்டியிலிருந்து வந்திருந்த ரோஷினி என்ற பெண், தானாகவே அமலியின் ஃபோனை வாங்கினாள். "நான் எடுக்கறேன் ஆன்ட்டி. அங்கிள், கொஞ்சம் கிட்ட வாங்க. நடுவுல ஒரு ஆளே நிக்கலாம் போலிருக்கு."

இருவரும் நகரவில்லை. அவள் அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அமலி அந்தப் படத்தையும் இவானுக்கு அனுப்பினாள். ஒற்றை டிக்.

"பையன் பதிலே போடலியா ஆன்ட்டி?"

"டெய்லி போடுவாம்மா. நேத்துகூடப் பாரு." அமலி காட்டினாள். 'சாப்பிட்டியாம்மா? முட்டி வலிக்குதா? மெதுவா நட.'

ரோஷினிக்குக் கண் விரிந்தது. "அங்கேயே பொறந்த பையன், தமிழ்ல டைப் பண்றானா? எங்க அண்ணன் பசங்கல்லாம் என்ன கேட்டாலும் 'ஓகே'கூட இல்ல, வெறும் 'கே'தான்."

"இவனும் அப்படித்தான் இருந்தான். ஒரு வருஷமாத்தான் தமிழ்."

"அப்ப ஏதோ தமிழ்ப் பொண்ணு மாட்டியிருக்கு ஆன்ட்டி. விசாரிங்க."

அமலி சிரித்துவைத்தாள். ஜெபதாஸ் மூடுபனிக்குள் வேகமாக நடந்து போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஒரு சின்ன மாதா கோயிலில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். அமலி பிறந்ததிலிருந்து கத்தோலிக்கப் பெண். போகிற கோயிலில் எல்லாம் மெழுகுவத்தி ஏற்றுவாள். ஜெபதாஸ் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் சபைக்காரர். "உங்க ஆளுங்களாலதான் மெழுகுவத்தி கம்பெனிக்காரன் பொழைக்கறான்" என்று முப்பது வருஷமாகக் கேலி செய்கிறவர்.

அமலி முழங்காலிலிருந்து எழுந்து திரும்பியபோது அவரும் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அணைந்தது, மறுபடி ஏற்றினார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

பிறகு அவர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, கையில் எதையோ அழுத்தி அழுத்திப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு அதை மறுபடி கோட்டுப் பையில் போட்டார்.

அமலிக்கு நேற்று இரவு ஞாபகம் வந்தது. சார்ஜரைச் செருக ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு அடாப்டர். அவர் அதை எடுக்கப் போக, "உங்க ஃபோன்ல எண்பது பெர்சென்ட் இருக்கே, நான் போட்டுக்கறேன்" என்று இவள் பிடுங்கிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நனைந்துபோய்க் கப்பலுக்குத் திரும்பினார்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல் ஜெபதாஸ் மேஜை, கட்டில், பெட்டி என்று தேட ஆரம்பித்தார்.

"என்னத்தங்க தேடறீங்க?"

"அந்த அடாப்டர். என் ஃபோன் டவுன் ஆயிடுச்சு."

அவருடைய ஃபோன் கட்டில்மேல் வெளிச்சமாகத்தான் கிடந்தது. அமலி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"காலைலேர்ந்து அவன்கிட்டேர்ந்து ஒண்ணுமே வரலீங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

"வேலையா இருப்பான்மா. நைட்டுக்குள்ள கண்டிப்பா போட்டுடுவான்." ஜெபதாஸ் குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினார்.

அமலி தன் கைப்பையிலிருந்து அடாப்டரை எடுத்தாள். மெதுவாகத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"உங்க கோட்டுல இருக்கற இவான் ஃபோனை முதல்ல சார்ஜ்ல போடுங்க. நாளைக்கும் பதில் வரலேன்னா, அவன் நெஜமாவே போயிட்டான்னு ஆயிடும்."