நண்டு விரட்டிய கடல்

பௌர்ணமி கழிந்த பிறகு கடல் நாளுக்கு ஒரு சாண் குறைவாகவே கரையேறியது. தன் கொடுக்கைப் பார்த்துத்தான் அது பயந்துவிட்டது என்பதில் நண்டுக்குச் சந்தேகமே இல்லை. ஏழாம் நாள் கீழே இறங்கி, ஈரமணலில் புது வளை தோண்டியது.

"நிலா பாதியாயிடுச்சு அண்ணே. அது முழுசா மறையறப்போ தண்ணி இங்க வரைக்கும் ஏறும்," என்றது பாறையில் ஒட்டியிருந்த நத்தை.

"நிலாவுக்கும் தண்ணிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றது நண்டு.

அமாவாசையன்று கடல் பாறைவரை ஏறி வந்து வளையை மூடிவிட்டது. நண்டு நத்தையின் பக்கத்தில் தொற்றிக்கொண்டு கடலைத் திட்டித் தீர்த்தது.

இரண்டொரு நாளில் கடல் மறுபடி குறைந்தது.

"பார்த்தியா, திட்டினதும் எப்படிப் போகுதுன்னு," என்று இறங்கிய நண்டு அதே இடத்தில் தோண்ட ஆரம்பித்தது.

நத்தை சற்று நகர்ந்து, பௌர்ணமியன்று நண்டு தொற்றிக்கொள்ளப் பாறையில் இடம் விட்டது.