காந்தளுக்கு இரங்கல் கூட்டம்

"கண்ணை மூடினாத்தான் காதுக்கு நல்ல வார்த்தை…" என்று ஓடையில் இருக்கும் கிழட்டு ஆமை ஏதோ சொல்லும். மிச்சம் காந்தளுக்கு மறந்துபோனது.

கோடையில் ஓடைக்கரைக் காந்தள் தண்டு காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக்கொண்டது. போன மழைக்குக் குடிவந்த தவளையும் நண்டும் அது செத்தேபோனது என்று இரங்கல் கூட்டம் போட்டன.

"அண்ணாச்சி மாதிரி பூக்க இனி யாரு இருக்கா!" என்று தவளை விசும்பியது.

"விஷக்கிழங்கு, விஷக்கிழங்குன்னு ஏசினவன் நீதானப்பா" என்றது நண்டு.

"அது உயிரோட இருந்தப்போ. விஷமா அது? மருந்துய்யா! அவருக்கு இங்கே சிலை வைக்கணும்."

கிழங்குக்குப் புல்லரித்தது.

அன்று மாலையே மழை இறங்கியது. முளைக்காவிட்டால் ஈரத்தில் அழுகிவிடுவோம் என்று காந்தளுக்குத் தெரியும். முளைத்தால் சிலை போய்விடுமே என்று, துடித்த குருத்தை அடக்கிக்கொண்டு, இந்த வருஷம் முளைப்பதில்லை என்று அது முடிவு செய்தது.