முன்பாதி

நந்தகோபால் ஜீப்பின் பின்சக்கரத்தை ஓங்கி உதைத்தான். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல்தான் வலித்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மெக்கானிக் ஹபீப் பாயின் ஷெட் வாசலில் ஜீப் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. பின்னால் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த தடித்த ஆக்சில், பெரிய சக்கரங்கள். முன்னால் இருந்தது எல்லாம் அப்பா காலத்தது.

நாயக்கனேரி மலைமேல், தோல் பதனிடுவதற்கான கடுக்காய் மூட்டைகள் கிடந்தன. மழை வந்தால் அத்தனையும் பூஞ்சணம். நாளைக்குள் இறக்காவிட்டால் தோல் ஷாப்பு முதலாளி வேறு வண்டியைப் பிடித்துக்கொள்வார். இந்த ஜீப்பை விட்டால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

மேட்டில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டாலோ, வண்டி உதறிக்கொண்டு நின்றுவிடுகிறது.

“பின்னாடி ஒரு வேகம், முன்னாடி ஒரு வேகம் சுத்துது நந்தகோபாலு. முன்னாடியும் மாத்தியே ஆவணும்” என்றார் பாய்.

இது அவனுக்குத் தெரியாதா? ஆனால் முன்பாதி தம்பி பரந்தாமனுடையது. அதுதான் பேஜார்.

அப்பா எமர்ஜென்சி வருடத்தில் போய்ச் சேர்ந்தார். பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஜீப்புக்கு எழுப்ப முடியவில்லை. “முன்பாதி உன்னுது, பின்பாதி என்னுது, கைவெச்சா ஒடிச்சிடுவேன்” என்று பஞ்சாயத்தில் கத்தியவன் நந்தகோபால்தான். ஊரே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினார்கள்.

இப்போது எதிர் டீக்கடையில் உட்கார்ந்து காலாட்டுகிறான் பரந்தாமன். மூட்டை அழுகினால் அவன் வீட்டு அடுப்பும்தான் எரியாது. முன்னாடியும் மாத்திக்கோ என்று வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

ஏலத்தில் ஆக்சில் ஜோடியாகத்தான் கிடந்தது. தன் பாதிக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வந்தான். முன் ஆக்சிலை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். அவன் நாசமாய்ப் போக என்று உரக்கவே திட்டினான் நந்தகோபால்.

பாய் மூலைக்குப் போய், கிடந்த சாக்கை விலக்கினார்.

அதே ஆக்சில். அதே பெரிய சக்கரங்கள். துரு சுரண்டி, புதுக் கிரீஸ் தடவியிருந்தது.

“நீ பின்னாடி மாட்டின மறுநாளே கொண்டாந்து போட்டான் உன் தம்பி. வாராவாரம் வந்து தொடைச்சி வெச்சிட்டுப் போறான். அண்ணன் கேக்காம மாட்டாத பாய்ன்னுட்டான்.”

நந்தகோபாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கணுமாம்! வண்டி நொண்டுவதை இத்தனை நாள் பார்த்துக்கொண்டு, சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, என்ன திமிர்!

ஜாக்கியைத் தரதரவென்று இழுத்துவந்து முன்பம்பருக்கு அடியில் தள்ளினான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“டேய் பரந்தாமா! அங்க இன்னாடா புடுங்கினு இருக்கிற? வண்டி உருண்டா எவன்டா புடிப்பான்?”

அப்பா வீட்டில் சுவர் எழுந்த பிறகு தம்பியோடு பேசிய முதல் பேச்சு அது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பரந்தாமன் எழுந்து வந்தான். அவன் முகத்திலும் கோபம் கொஞ்சமும் கம்மி இல்லை. அண்ணனைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போனான். குனிந்து, அண்ணனுடைய சக்கரத்துக்குக் கல் வைத்தான்.