மத்தியானம் எங்க போனீங்க?

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், மூச்சு வாங்க எதிரே வந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் அவர் டிவியை அணைத்தார்.

“மத்தியானம் எங்க போனீங்க?”

“நானா? வீட்டுலதான் இருந்தேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

“சும்மா கடைத்தெரு வரைக்கும் போனேன். அதுக்கு ஏன் இந்த முறை முறைக்கிற?”

அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

“யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க, அப்படித்தானே? சரி, உன் காரைத்தான் எடுத்துட்டுப் போனேன். தூண்ல இடிச்சு இடது பக்கக் கதவு நசுங்கிடுச்சு. உன் கண்ணுல படக் கூடாதுன்னு அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்கேன். போதுமா?”

அவள் துள்ளிக் குதித்தாள்.

“ஒத்துக்கிட்டீங்க! ஒரே கேள்வியில ஒத்துக்கிட்டீங்க!”

“அப்போ உனக்கு முன்னாடியே தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது! வக்கீல்களுக்கான பயிற்சி வகுப்புல இன்னிக்குக் குறுக்கு விசாரணைப் பாடம். ‘கேள்வியைக் கேட்டுட்டுப் பேசாம நில்லுங்க, சாட்சி தானாக் கொட்டிடுவார். வீட்டுல யார்கிட்டயாவது பழகிப் பாருங்க’ன்னு சொன்னாங்க. இத்தனை வருஷமாப் பத்திரம் எழுதியே ஓட்டிட்டேன். நாளைக்குத்தான் முதல் தடவையா கோர்ட்டுல சாட்சியை விசாரிக்கப் போறேன். நாக்கு ஒட்டிக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இனிமே ஒரு கை பார்த்துடுவேன்!”

பூரிப்போடு அறைக்குள் போகப் போனவள், சட்டென்று நின்று திரும்பினாள்.

“ஆமா, கதவு மட்டும்தானே நசுங்குச்சு?”

இந்த முறை அவர் வாயைத் திறக்கவே இல்லை.