தொண்ணூற்றெட்டில் விழுந்த கோடு

திரையில் இரண்டு கோடுகள்.

நீலம் இந்தியா. சிவப்பு மலேசியா. கட்டடம், பாலம், இயந்திரம் என்று இரண்டு நாடுகளும் வருஷாவருஷம் எவ்வளவு முதல் போட்டன என்பதைக் காட்டும் முப்பது வருஷக் கோடுகள்.

அவளுடைய ஆய்வின் நான்கு வருஷமும் அதில்தான் போயிற்று.

இன்று வாய்மொழித் தேர்வு. தப்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முனைவர். மாட்டினால் இன்னொரு வருஷம்.

நாற்பது நிமிடம் தலையாட்டிக்கொண்டிருந்த புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

தொண்ணூற்றெட்டில் சிவப்புக் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்திருக்கிறதே, அதற்குச் 'சரிவு' என்று தனி இயலே எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சரிவால் நன்மை அடைந்தவர் ஒருவர்கூடவா இல்லை என்று கேட்டார்.

ஏற்றுமதி செய்தவர்கள் என்றாள். அது வேறு கணக்கு என்றார்.

மலிவாக நிலம் வாங்கியவர்கள் என்றாள். அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்றார்.

எந்தப் பக்கத்திலும் இல்லை.

நெறியாளர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். ஒரு வரிகூடக் கைகொடுக்கவில்லை. போச்சு என்று நினைத்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

ஐயோ, அப்பா.

அப்பா மாயழகு, கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரர். ஆய்வின் தலைப்பில் 'நிலை மூலதனம்' என்று இருந்ததைப் பார்த்து, மகள் இரண்டு நாட்டு வாசல் நிலைகளை ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர். இரண்டு தடவை திருத்திப் பார்த்தாள். நிலை இல்லாமல் வீடு ஏது என்று அவர் திருப்பிக் கேட்டதும் விட்டுவிட்டாள்.

பொது வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம். வருகிறவர்களுக்கு லட்டு, மிக்சர் எப்போது வரும் என்பதுதான் கவலை.

நெறியாளர் அவசரமாக எழுந்தார். பேசட்டும் என்று புறத்தேர்வாளர் கைகாட்டினார்.

அப்பா எழுந்து நின்றார். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"ஐயா, அந்தச் செவப்புக் கோடு மேல ஏறுனப்ப நான் அங்க மலேசியாவுலதான் பலகை அடிச்சேன். கல்யாணமாகி நாப்பதாம் நாள் போனவன், நாலு வருசம் ஊருப் பக்கம் வரல. தொண்ணூத்தெட்டுல வேலையெல்லாம் நின்னுபோச்சு. எங்களப் பூராம் திருப்பி அனுப்பிட்டாக. மறு வருசந்தான் இந்தப் புள்ள பொறந்துச்சு."

உட்கார்ந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

புறத்தேர்வாளர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தப் பதிலை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள், வேறு கேள்வி இல்லை என்று சொல்லி, முனைவர் என்று கூப்பிட்டே கைகுலுக்கினார்.

அரங்கம் கைதட்டியது. சந்தோஷத்தில் அவள் நன்றி சொல்ல எழுதி வைத்திருந்த தாளைக்கூட எடுக்கவில்லை.

லட்டு வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. அப்பாவைச் சுற்றி நாலு பேராசிரியர்கள் நின்று, அங்கே எத்தனை மாடி, எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெறியாளர் திரையை அணைக்கப் போனார்.

கடைசி வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த அம்மா, எப்போது முன்வரிசைக்கு வந்தாள் என்று தெரியவில்லை. கையில் லட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்புக் கோடு விழுகிற இடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்" என்றாள்.