மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்

இன்ஜினியரின் விரல் பச்சைப் பொத்தானைத் தொடப்போன நேரத்தில்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தான்.

“சார், போடாதீங்க. என் பாஸ்போர்ட் உள்ள விழுந்திருச்சு.”

மின்நிலையத்தின் டர்பைன் கூடத்தில் நின்றிருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு, இந்தக் கடல் தாண்டிய வேலையையும் வாங்கிக்கொடுத்து போர்மேன்தான் அவனைக் கூட்டிவந்தார். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவன். அந்த ஒரு வார்த்தை இப்படியா வந்து விழ வேண்டும்?

வாசலில் ஏர்போர்ட் வேன் அவனுக்காக நின்றுகொண்டிருந்தது.

நாளைக் காலையில் தங்கைக்கு இதயத்தில் ஆபரேஷன். தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் முகத்தைப் பார்க்காமல் தியேட்டருக்குள் போக மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். போனில் பார்த்துக்கொள்ளேன் என்றால், போனில் தெரிவதெல்லாம் முகமா என்கிறாள்.

கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தார் போர்மேன். மெஷின் ஓட ஆரம்பித்ததும் மாப்பிள்ளை நேரே போய் வேனில் ஏற வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“உள்ள இறங்கறவன் எதையும் கொண்டுபோகக் கூடாதுன்னு தெரியாதா?” என்றார் இன்ஜினியர்.

“கிளம்பற அவசரம் சார். சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு. அதுக்கு மேலயே டிரஸ்ஸை மாட்டிட்டேன்.”

இந்த வேலையில் அது கொலைக்குற்றம் மாதிரி. டர்பைனுக்குள் இறங்குகிறவர்களுக்குப் பையே வைக்காத உடுப்புதான். வெளியே வந்ததும் ஒவ்வொரு கருவியும், பலகையில் வரைந்திருக்கும் அதன் உருவத்தின் மேலேயே போய்த் தொங்க வேண்டும். ஓர் உருவம் வெறுமையாக இருந்தாலும் மூடியைப் பூட்ட மாட்டார்கள். இன்று பலகை நிறைந்திருந்தது. மாப்பிள்ளையோடு உள்ளே இறங்கி வந்த போர்மேனே பார்த்துச் சரி சொல்லியிருந்தார்.

உள்ளே கிடப்பது காகிதமோ இரும்போ, அதோடு சக்கரம் சுற்றக் கூடாது.

இன்ஜினியர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். “திறங்க.”

போர்மேன் மாப்பிள்ளையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் ‘வாங்க, போங்க’தான். அந்த மரியாதை இன்று போன இடம் தெரியவில்லை.

“ஏன்டா, அறிவிருக்கா உனக்கு? அங்க ஒருத்தி உன் மூஞ்சியப் பார்க்கக் காத்துக் கிடக்கா. மூடியத் திறக்கறதுக்குள்ள பிளேன் போயிரும்டா. அடுத்தது நாளன்னிக்குத்தான்.”

“தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சு? பேக்ல நல்லாத் தேடினியா? ரூம்ல?”

“உள்ளதான் கிடக்கு மச்சான்.”

போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நடுவில் வேன் டிரைவர் எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னொரு முறை வந்து பார்த்தார். மூன்றாம் முறை வரவில்லை. வேன் கிளம்பிப் போகும் சத்தத்தை மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிரேன் மூடியைத் தூக்கியதும் போர்மேன் முன்னால் போனார்.

“வேண்டாம், நான் இறங்கறேன்” என்றான் மாப்பிள்ளை. இடித்துக்கொண்டு போகாத குறைதான்.

வெகு நேரம் கழித்து எண்ணெய் வழியும் முகத்தோடு வெளியே வந்தான். கையில் பாஸ்போர்ட். அட்டை வளைந்து, எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

இன்ஜினியர் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார்.

“ஊருக்குப் போனா போனதுதான். திரும்ப இங்க வராதே.”

தலையைக் குனிந்து கழற்றிக் கொடுத்தான்.

மறுபடியும் மூடி இறங்கியது. மறுபடியும் பலகை. இந்த முறை பச்சைப் பொத்தான் அழுந்தியது. முனகலாகத் தொடங்கிய சத்தம் மெல்ல மெல்ல ஏறி, ஒரே சீராக நின்றது.

உடை மாற்றும் அறையில் போர்மேன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. தங்கைதான். எடுக்கத் தெம்பில்லாமல் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை கதவைச் சாத்தினான். குனிந்து பூட்ஸைக் கழற்றினான். காலுறைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தான்.

போர்மேன் அதைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பொருளில்லை அது. கம்பெனி ஸ்பேனர் கைக்கு ஒத்துவராது என்று ஊரிலிருந்து கொண்டுவந்து, ஒருத்தருக்கும் காட்டாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தார். பலகையில் அதற்கு உருவம் கிடையாது. அதனால் வெற்றிடமும் கிடையாது.

“சக்கரத்துக்கு அடியில கிடந்துச்சு” என்றான் மாப்பிள்ளை. “மெஷின் கிளம்பறப்ப எப்பவும் இதை விரல்ல உருட்டிக்கிட்டே நிப்பீங்க மச்சான். இன்னிக்கு வெறும் விரலை உருட்டிக்கிட்டு நின்னீங்க.”

இரும்பு அடித்துச் சக்கரம் சிதறினால் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று போர்மேனுக்குத் தெரியும். சொந்த ஸ்பேனரோடு உள்ளே இறங்கியவனைக் கம்பெனி என்ன செய்யும் என்பதும் தெரியும்.

“அப்ப... பாஸ்போர்ட்டு?”

“பனியனுக்குள்ளயே இருந்துச்சு.”

மறுபடி போன் அடித்தது. இந்த முறை எடுத்துவிட்டார்.

“அண்ணா, அவர் கிளம்பிட்டாராண்ணா?”

“அம்மாடி... அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்...”

மாப்பிள்ளை எட்டி அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

“நான் பேசறேன். பாஸ்போர்ட்டைத் தொலைச்சிட்டேன்... ஆமா, நான்தான். வேற யாரு தொலைப்பா? தேடி எடுக்கறதுக்குள்ள பிளேன் போயிருச்சு. நாளன்னிக்குத்தான் வர முடியும்... சரி, சரி. இப்பத் திட்டாத. மொத்தமாச் சேர்த்து வச்சுக்க. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் திறந்து, நான் எதிர்ல வந்து உக்காந்ததும் ஒண்ணு விடாமத் திட்டு.”